ஃபேட்டி லிவர் ரிப்போர்ட் வந்ததா? இதயத்திலிருந்து தொடங்குங்கள்

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று போட்டிருக்கும். வீட்டில் உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "இன்னைக்கு யாருக்குத்தான் அது இல்ல, விடுங்க" என்பது ஒன்று. "நாளையிலேர்ந்து கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க, ஈரல் சுத்தமாயிடும்" என்பது இன்னொன்று. முதல் பேச்சில் பாதி உண்மை உண்டு. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருப்பது தெரியவந்தது. ஆனால் ஊரில் பலருக்கு இருக்கிறது என்பதற்காக ஒரு நோய் சாதுவாகிவிடாது. இரண்டாவது பேச்சோ, கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

ஃபேட்டி லிவர் உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், அவர்கள் உயிரைப் பறித்த காரணங்களில் முதலிடம் கல்லீரலுக்கு இல்லை, இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும்தான். 2021-ல் 36 ஆய்வுகளை, சுமார் 58 லட்சம் பேரின் தகவலை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. கல்லீரலில் தழும்பு முற்றியவர்களுக்கு இரண்டரை மடங்கு. (இது ஒப்பீட்டுக் கணக்கு. நூறில் 45 பேருக்கு மாரடைப்பு வரும் என்று படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.) அமெரிக்க இதயச் சங்கமும் 2022-ல் இதைத் தனி அறிக்கையாகவே வெளியிட்டது.

அதனால் ஸ்கேனில் அந்த வரியைப் பார்த்ததும் செய்ய வேண்டியவற்றை, நான் சரியென்று நினைக்கும் வரிசையில் சொல்கிறேன். பலவற்றை வீட்டிலேயே, ஒரு பேனாவும் தையல்கடை டேப்பும் வைத்துக்கொண்டு செய்துவிடலாம்.

ஈரலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றவற்றைச் செய்தால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'எண்ணெய்ப் பலகாரம் தின்னா ஈரல்ல கொழுப்பு படியும்' என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 2005-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு, ஈரலில் இருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தது. நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது சுமார் 15 சதவீதம். கால்பங்கு, ஈரல் தானே சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் தயாரித்துக்கொண்டது. மீதி, ஏறக்குறைய 60 சதவீதம், உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கரைந்து ரத்தத்தில் வந்து இறங்கியது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இப்படிக் கொழுப்பு கரைந்து வருவது நிற்பதே இல்லை. எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டு, நாளுக்கு நாலு டீயில் சர்க்கரையும் தட்டு நிறையச் சோறுமாக இருப்பவருக்கு ஏன் ஸ்கேன் மாறுவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

வந்து குவிந்த கொழுப்பை ஈரல் சும்மா வைத்துக்கொள்வதில்லை. டிரைகிளிசரைடு என்ற வகைக் கொழுப்பு நிரம்பிய துகள்களாக ரத்தத்துக்குள் அனுப்புகிறது. அதன் விளைவுகள் லிப்பிட் ரிப்போர்ட்டில் தெரியும்: டிரைகிளிசரைடு ஏறும், 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். இறங்கும், 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். துகள்கள் சின்னதாகி எண்ணிக்கையில் பெருகும். ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்து தங்குபவை இந்தத் துகள்களே. கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் ஆகியவையும் ஈரலில்தான் உற்பத்தியாகின்றன, அவையும் கூடும். இன்சுலின் சொல்வதைக் கேட்காத ஈரல், இரவெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். இரவு சாப்பாட்டைக் குறைத்த பிறகும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 காட்டுகிறதே என்று குழம்புபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மரபணு ஆய்வுகளில் ஒரு வேடிக்கை உண்டு. டி.எம்.6.எஸ்.எஃப்.2 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு ஈரல் கொழுப்பை வெளியே அனுப்ப முடியாமல் தனக்குள்ளேயே தேக்கிக்கொள்ளும். அவர்களுக்கு ஃபேட்டி லிவர் அதிகம், ஆனால் இதயக்குழாய் அடைப்பு குறைவு. ஆக, ஈரலில் கொழுப்பு இருப்பது மட்டுமே இதயத்தைக் கெடுப்பதில்லை. அந்தக் கொழுப்போடு சேர்ந்து வரும் சர்க்கரை, அழுத்தம், ரத்தக் கொழுப்பு என்ற கூட்டம்தான் கெடுக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கூட்டம் சேர்ந்தே வருவதால், கீழே சொல்பவை எல்லாம் அதைக் குறிவைத்தவை.

முதல் வேலை: கிரேடை மறந்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் கிரேடு 1, 2, 3 என்பது ஈரல் திரையில் எவ்வளவு வெளுப்பாகத் தெரிந்தது என்பதற்கான அளவு. தழும்பு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு இருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்கு இல்லாமலும் இருக்கலாம். அதே ஈரலை இரண்டு ஸ்கேன் சென்டரில் பார்த்தால் இரண்டு கிரேடு வருவதும் சகஜம்.

தழும்பு இருக்கும் வாய்ப்பை முதல்கட்டமாக அறிய ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. (இரண்டும் ஈரல் என்சைம்கள்), பிளேட்லெட் ஆகிய நாலு எண்கள் போதும். எல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிறகு பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். நம் ஊர் லேப்களில் பிளேட்லெட்டை லட்சத்தில் கொடுப்பார்கள், 1.6 லட்சம் என்றால் கணக்கில் 160 என்று போடுங்கள். இங்கே பலர் தவறிவிடுகிறார்கள்.

56 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 56 பெருக்கல் 52 என்றால் 2912. 49-ன் வர்க்கமூலம் 7. 160 பெருக்கல் 7 என்றால் 1120. வகுத்தால் 2.6. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் 'கொஞ்சம் கூட' என்றுதான் ரிப்போர்ட்டில் தெரியும். பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேல் இருப்பதால் அதற்கு நட்சத்திரக் குறிகூட விழாது. ஆனால் 2.6 என்பது சும்மா விடக்கூடிய எண் அல்ல.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2. அதற்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லி ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். வயிற்றில் ஊசி, கத்தி எதுவும் கிடையாது. விலா எலும்புக்கிடையே ஒரு கருவியை வைத்து ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று கிலோபாஸ்கலில் அளப்பார்கள். 8-க்குக் கீழே என்றால் பொதுவாக நிம்மதி. 12-ஐத் தாண்டினால் ஈரல் நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். 2.67-க்கு மேல் ஃபிப்-4 வந்தவர்களும் நேராக நிபுணரிடம் போய்விடலாம்.

இரண்டு எச்சரிக்கை. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது. டெங்கு, வைரஸ் காய்ச்சல் வந்து தேறிய கையோடு எடுத்த ரத்தத்திலும் போடாதீர்கள். பிளேட்லெட் இறங்கி, ஈரல் என்சைம் ஏறியிருக்கும் நேரம் அது. இல்லாத தழும்பைக் காட்டிப் பயமுறுத்தும்.

எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தால் ஈரல் நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்ட முடியாது. தழும்பு விழுந்த ஈரலிலும் அது நார்மலாக இருக்கக்கூடும். கூடவே ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. எல்லாப் பழியையும் கொழுப்பின் மேல் போட்டுவிட்டு வைரஸைக் கோட்டைவிடக் கூடாது.

இரண்டாவது: இதயத்தின் எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்

2023-ல் உலக ஈரல் நிபுணர்கள் கூடி இந்த நோய்க்குப் புதுப் பெயர் வைத்தார்கள். சில ரிப்போர்ட்களில் எம்.ஏ.எஸ்.எல்.டி. என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் புது வரையறைப்படி, ஈரலில் கொழுப்போடு ஐந்து விஷயங்களில் ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும்: உடல் எடை அல்லது இடுப்பளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, எச்.டி.எல். ஐந்துமே இதய நோய்க்கான பட்டியலிலும் இருப்பவை.

இடுப்பளவிலிருந்து தொடங்குங்கள். "பேன்ட் சைஸ் 34 தான்" என்று சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலமும் முப்பத்தொன்றரை அங்குலமும். கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடல்வாகு நம்மிடம் அதிகம். எடை மெஷின் அதைப் பிடிக்காது, டேப் பிடித்துவிடும்.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ கூடாது. படியேறி வந்த மூச்சோடு பார்த்த எண்ணை எழுதாதீர்கள். 130/85 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து வந்தால் மேலே சொன்ன ஐந்தில் ஒன்று உங்களுக்கு இருக்கிறது என்று கணக்கு. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அம்மா, அப்பா கிராமத்தில் இருந்தால் அந்தச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

சர்க்கரையில் வெறும் வயிற்றில் 100, அல்லது மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 5.7 என்பது தொடக்க எல்லை.

லிப்பிட் ரிப்போர்ட்டில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 198, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 260, எல்.டி.எல். 112. மொத்தம் 200-க்குக் கீழே இருப்பதால் "கொலஸ்ட்ரால் நார்மல்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: 164. இதை நான்-எச்.டி.எல். என்பார்கள். ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாத் துகளும் இதற்குள் அடக்கம்; பொதுவாக 130-க்குக் கீழே இருப்பது நல்லது. டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டிவிட்டது, எச்.டி.எல். ஆண்களுக்கான 40-க்கும் கீழே (பெண்களுக்கு 50). ஃபேட்டி லிவருக்கே உரிய லிப்பிட் தாள் இது. வசதி இருந்தால் ஏபிஓ-பி என்ற பரிசோதனையும் எடுக்கலாம். அது துகள்களின் எண்ணிக்கையையே காட்டிவிடும்.

இந்த எண்களோடு, வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்ததா, நீங்கள் புகைக்கிறீர்களா, இரவில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, பெண்களானால் பி.சி.ஓ.டி. அல்லது கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு முதலில் தேவைப்படுபவர் ஈரல் நிபுணரும் அல்ல, இதய நிபுணரும் அல்ல. எல்லா எண்களையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரே ஒருவர்.

மூன்றாவது: குடிப்பழக்கம் இருந்தால் கிராமில் எழுதுங்கள்

"எப்பவாவது ஒரு குவார்ட்டர்" என்பது டாக்டருக்கு உதவாத தகவல். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதம் உள்ள பிராந்தியோ விஸ்கியோ என்றால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். மேலே சொன்ன எம்.ஏ.எஸ்.எல்.டி. வரையறையில் ஆண்களுக்கு வாரத்துக்கு 210 கிராம், பெண்களுக்கு 140 கிராம் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். வாரம் நாலு குவார்ட்டர் அதைத் தாண்டிவிடும். தினம் ஒன்று என்றால் வாரம் 425 கிராம் வரும். அதற்குப் பெயர் கொழுப்பு ஈரல் அல்ல, குடியால் கெட்ட ஈரல். வைத்தியமும் வேறு.

எல்லைக்குக் கீழே குடித்தால் பாதுகாப்பு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இது நோயை வகைப்படுத்த வைத்த எல்லை. ஏற்கெனவே கொழுப்பும் சர்க்கரையும் உள்ள ஈரலுக்குக் கொஞ்சமும் கூடுதல்தான். ரத்த அழுத்தத்தையும் டிரைகிளிசரைடையும் அது தனியாக ஏற்றும். தினமும் குடித்துப் பழகியவர்கள் மட்டும் திடீரென்று தாமாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். கை நடுக்கம், வலிப்பு வரை போகக்கூடும்.

நான்காவது: தட்டில் எதை நகர்த்துவது

ஆலிவ் எண்ணெயும் அவகாடோவும் எழுதிய டயட் சார்ட்டை ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் சமையலறையில் இருப்பதையே நகர்த்தினால் போதும்.

முதலில் குடிக்கும் சர்க்கரை. நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன்; ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. டீயிலேயே அது தீர்ந்துவிடுகிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொண்டால் மனசுக்குத்தான் ஆறுதல், ஈரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஜூஸ் கடையில் ஒரு கிளாஸ் சாத்துக்குடிக்கு மூன்று நான்கு பழம் போகும். அதையே உரித்துத் தின்னச் சொன்னால் ஒன்றோடு நிறுத்திவிடுவீர்கள். பழத்தைத் தின்னுங்கள், குடிக்காதீர்கள். சர்க்கரை போடாத காபி ஈரலுக்கு நல்லது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன, ஆகவே ஃபில்டர் காபிக்காரர்கள் சர்க்கரையை மட்டும் விட்டால் போதும்.

அடுத்தது சோறு. நிறுத்த வேண்டாம்; இடம் மாற்றுங்கள். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் கீரையுமாகப் பாதியை நிரப்புங்கள். கால்பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி. மீதிக் கால்பங்குக்குச் சோறு. சோற்றை முதலில் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான் என்றாகிவிடும். சிறுதானியமும் மாவுச்சத்துதான், தினைப் பொங்கலில் நெய் மிதந்தால் அது பொங்கல் கணக்கிலேயே சேரும்.

மீனில் மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை குறைவு, இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 அதிகம். குழம்பாக வையுங்கள். பொரித்த எண்ணெயைப் பத்திரப்படுத்தி மறுநாள் அப்பளம் பொரிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எண்ணெயில், ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது வசதியான அளவுகோல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். ரேஷன் பாமாயிலில் நிறைகொழுப்பு கூடுதல், எல்.டி.எல். ஏற்கெனவே அதிகம் உள்ள வீடுகளில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் பக்கம் சாய்வது நல்லது. உப்பு ஆளுக்கு நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நாலும் ஒரே தட்டில் சேர்ந்தால் அழுத்த மாத்திரை தோற்றுவிடும்.

எடைக் கணக்கு இப்படி: 78 கிலோ உள்ளவர் 5 சதவீதம், அதாவது நாலு கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழு சதவீதம், ஐந்தரைக் கிலோ குறைந்தால் அழற்சி தணியும். பத்து சதவீதம் என்றால் தழும்பும் கரைய வாய்ப்புண்டு. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் பத்துக் கிலோ இறக்குபவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதுண்டு. எடை சரியாக இருந்தும் ஃபேட்டி லிவர் வந்த ஒல்லிக்காரர்களுக்கு மூன்று முதல் ஐந்து சதவீதமே பலன் தரும்.

ஐந்தாவது: நடை, அதோடு கொஞ்சம் தசை

எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சி ஈரல் கொழுப்பைக் குறைக்கும். மெஷின் எண் நகரவில்லை என்று நடையை நிறுத்துபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். ஒரே மூச்சில் முடியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையையும் அது இறக்கும். 2023-ல் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று தொடங்கியதே, உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரியுங்கள். எடுத்த எடுப்பில் எட்டும் நடக்க வேண்டாம்.

நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள். சர்க்கரையை எரிக்கும் பெரிய அடுப்பு தசைதான். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

ஆறாவது: மருந்தில் எதைப் பயப்படுவது, எதைப் பயப்படக் கூடாது

இந்த இடத்தில் எனக்குக் கோபமே வரும். ஃபேட்டி லிவர் என்று தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், டாக்டர் எழுதிய கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவது. "ஸ்டேட்டின் ஈரலைக் கெடுக்கும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் போன்றவற்றை ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் எடுக்கலாம். ஈரல் என்சைம் மேல் எல்லையின் மூன்று மடங்குக்குள் இருக்கும்வரை அதை மட்டும் காரணம் காட்டி நிறுத்தத் தேவையில்லை. இதயத்தைக் காக்கும் மாத்திரையை ஈரலின் பெயரால் நிறுத்துவது, ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் கதவைத் திறந்து விடுவது. ஈரல் முற்றிலும் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்கள் விஷயம் வேறு. அதை நிபுணர் முடிவு செய்வார்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். பெயர் தெரியாத 'லிவர் டானிக்', 'டீடாக்ஸ்' பொடி, எடைக் குறைப்புக்கான கிரீன் டீ சாரக் கேப்சூல் ஆகியவற்றால் ஈரல் பழுதானவர்கள் உண்டு. கோவிட் காலத்தில் சீந்தில் கஷாயம் தொடர்ந்து குடித்துச் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை என்பதால் பக்கவிளைவு இல்லை என்று எந்த விதியும் இல்லை. எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு: எந்த மாத்திரை என்பதைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஈரலையும் இதயத்தையும் சேர்த்துக் கவனிக்கலாம். பயோகிளிட்டசோன் ஈரல் கொழுப்பைக் குறைக்கும், ஆனால் உடம்பில் நீர் கோக்கச் செய்யும். இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. செமாகுளுடைடு ஊசி, ஏற்கெனவே இதய நோய் உள்ள பருமனானவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றை 20 சதவீதம் குறைத்ததாக 2023-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. ஈரலில் அழற்சியும் நடுத்தரத் தழும்பும் உள்ளவர்களுக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஈரலுக்கென்றே வந்த ரெஸ்மெடிரோம் அங்கே 2024 மார்ச்சில் அனுமதி பெற்றது. இவையெல்லாம் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவதற்கல்ல.

'கேஸ்' என்று சொல்லிவிடாதீர்கள்

ஃபேட்டி லிவர் பெரும்பாலும் வலிக்காது. சிலருக்கு வலது விலாவுக்குக் கீழே லேசான பாரம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ரிப்போர்ட் வந்த பிறகு மேல்வயிற்றில் எது நடந்தாலும் "ஈரல் பிரச்சினை, கேஸ் டிரபிள்" என்று சோடாவும் ஜீரண மருந்தும் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். மேல்வயிற்றில் அல்லது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் அசதியும் வியர்வையுமாகவும் வரும். 108-ஐக் கூப்பிடுங்கள், தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேட்டின் அடங்கிய முதல் டோஸ் மருந்தைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இ.சி.ஜி. எடுக்க இரவிலும் திறந்திருக்கும் இடம் எது என்று இப்போதே தெரிந்து வையுங்கள்.

திரும்ப எப்போது பார்ப்பது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக் கிரேடு இறங்கியதா என்று பார்ப்பது வீண் செலவு. சாதாரண அல்ட்ராசவுண்டுக்கு ஈரலில் 20, 30 சதவீதம் கொழுப்பு இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். சின்ன மாற்றங்களை அது காட்டாது. எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். இடுப்பளவு மாதம் ஒருமுறை. ஹெச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஸ்டேட்டின் தொடங்கியிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் லிப்பிட் திரும்பப் பார்த்து, நான்-எச்.டி.எல். இறங்கியதா என்று கணக்குப் போடுங்கள். ஃபிப்-4 குறைவாக இருந்தவர்கள் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தால் போதும். சர்க்கரை உள்ளவர்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். லேபை மாற்றாதீர்கள். பழைய தாளையும் புதுத் தாளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.